திஹுவானாவில் வெள்ளி வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

சான் டியேகோவில் இருக்கும் நம்மவர்கள், ஊரிலிருந்து பெற்றோர் வந்தால் மெக்சிகோவையும் ஒரு எட்டு காட்டிவிடலாம் என்று திஹுவானாவுக்கு அழைத்துப் போவது வழக்கம். டிராலி ரயிலில் சான் இசிட்ரோவில் இறங்கினால் நடந்தே எல்லையைக் கடந்துவிடலாம். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம். அம்மாவுடன் நாங்களும் அப்படித்தான் போனோம். அவெனிதா ரெவொலூசியோன் தெருவில் ஒரு வெள்ளிக் கடைக்காரர் செய்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

பேத்திகளுக்கென்று அம்மா ஒரு சங்கிலியும் இரண்டு வளையல்களும் எடுத்தார். மூன்றிலும் 925 முத்திரை இருந்தது. ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்று அதற்குப் பொருள். சங்கிலியை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்த அம்மா, "கனம் போதவில்லையே" என்றார். அவர் முகம் மாறியதைக் கவனித்த கடைக்காரர், இழுப்பறையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துச் சங்கிலியின் மேல் வைத்தார். ஒட்டவில்லை. வளையல்களிலும் ஒட்டவில்லை. அசல் வெள்ளி என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று சிரித்தார்.

அது சாட்சியே அல்ல. காந்தம் வெள்ளியில் ஒட்டாது, அல்பாக்காவிலும் ஒட்டாது. அல்பாக்கா என்பது செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த உலோகம். பார்வைக்கு வெள்ளி போலவே மின்னும், ஆனால் பொட்டு வெள்ளி இருக்காது. அல்பாக்கா என்று சொல்லியே குறைந்த விலைக்கு விற்கிற நேர்மையான வியாபாரிகள் அதே ஊரில் இருக்கிறார்கள். அதன் மேல் 925 என்று குத்தி, வயதானவரிடம் காந்த வித்தை காட்டி விற்பது பச்சை மோசடி.

வீடு திரும்பியபின் இங்கே ஒரு நகைக்கடையில் கொடுத்தோம். உரைகல்லில் தேய்த்து ஒரு சொட்டு அமிலம் விட்டார்கள். கோடு பச்சையாகப் பொங்கியது; அசல் வெள்ளி இல்லை என்று அர்த்தம். மூன்றுக்கும் அதே கதி.

பணம் வாங்கியதிலும் கைவரிசை காட்டியிருக்கிறார். பேசிய விலை 3,600 பெசோ. கார்டு இயந்திரத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, எங்களைக் கேட்காமலே டாலர் என்ற பொத்தானை அழுத்திவிட்டார். வங்கி விகிதப்படி 200 டாலரை ஒட்டி வரவேண்டிய தொகை, இயந்திரம் போட்ட விகிதத்தில் 240 ஆகிவிட்டது. இயந்திரத்தைக் கையில் வாங்கி நீங்களே பெசோவைத் தேர்ந்தெடுங்கள். விலைச்சீட்டில் இருக்கும் $ குறி அங்கே பெசோவுக்கும் உரியது; எந்தப் பணம் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ரசீதையும் அங்கேயே படித்துப் பாருங்கள். எங்களுக்குத் தந்த துண்டுச்சீட்டில் "சங்கிலி 1, வளையல் 2" என்று ஸ்பானிய மொழியில் கிறுக்கல் மட்டுமே. கடைப் பெயர் இல்லை, வெள்ளி என்ற சொல்லும் இல்லை. மெக்சிகோவில் நுகர்வோர் புகார்களுக்கு புரோஃபெகோ என்ற அரசு அமைப்பு இருக்கிறது. இந்தச் சீட்டை வைத்துக்கொண்டு அங்கே எதை நிரூபிப்பது? கடைப் பெயர், முகவரி, எடை, "பிளாத்தா 925" (பிளாத்தா என்றால் ஸ்பானிய மொழியில் வெள்ளி) ஆகிய நான்கையும் எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

கார்டு வங்கியிடம் புகார் கொடுத்து, நகைக்கடை எழுதித் தந்த சோதனைச் சீட்டையும் இணைத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.