அல்ட்ராசோனிக்கா எவாபரேட்டிவா: தண்ணில இருக்கற உப்பு எங்க போய் உக்காருதுன்னு பாருங்க

கனடாவுல, ஒண்டாரியோ மாகாணத்துல கிச்சனர், வாட்டர்லூ பக்கம் புதுசா வர்ற நம்மாளுங்க நவம்பர் பொறந்தா கேக்கற கேள்வி இது, வீட்டுக் காத்துல ஈரம் ஏத்தற மெஷின், அதான் ஹ்யூமிடிஃபயர், எதை வாங்கலாம்னு. ஆளாளுக்குத் தனியா சொல்றதுக்கு ஒரே தடவையா எழுதிடறேன். எங்க வீட்ல முதல்ல இருந்தது தண்ணிய அதிர்வுல தூளாக்கற அல்ட்ராசோனிக் வகை, இப்ப ஓடறது ஃபேன் காத்துல ஆவியாக்கற எவாபரேட்டிவ் வகை. நடுநிலையா எழுதறேன்னெல்லாம் சொல்லல, நான் எவாபரேட்டிவ் கட்சி.

இது வேணுமான்னு ஒரு கேள்வியே இல்ல. வெளிய மைனஸ் 20ல இருக்கற காத்தை உள்ள இழுத்து 21 டிகிரிக்கு சூடு பண்ணா அதோட ஈரப்பதம் அஞ்சு சதவீதத்துக்கும் கீழ போயிடும். வீட்ல சமைக்கறது, குளிக்கறது, மூச்சு விடறது எல்லாம் சேந்து கொஞ்சம் ஏத்தும், ஆனா பத்தாது. உதடு வெடிக்கும், மூக்குல ரத்தம் எட்டிப் பாக்கும், கதவுப் பிடியத் தொட்டா சுரீர்னு ஷாக் அடிக்கும்.

விலை, சத்தம், சைஸ் இந்த மூணுலயும் அல்ட்ராசோனிக் ஜெயிக்குது, அதுல வாதமே இல்ல. கம்மி காசு, கட்டில் பக்கத்துல வச்சா இருக்கறதே தெரியாது, கரண்டும் கொஞ்சம்தான். எவாபரேட்டிவ்ல ஃபேன் இருக்கு, ஃபுல் ஸ்பீடுல வச்சா டிவி வால்யூமை ஏத்தணும். கடையில நின்னு பாக்கறவங்க இந்த மூணை மட்டும் பாத்துட்டு, புகை மாதிரி அழகா வர்றதைப் பாத்து மயங்கி அதையே தூக்கிட்டு வந்துடுவாங்க.

விஷயம் என்னன்னா அந்தப் புகை ஆவி இல்ல. அடியில ஒரு சின்னத் தகடு இருக்கும், அது செகண்டுக்கு 17 லட்சம் தடவை கிட்ட அதிரும், அந்த அதிர்வுல தண்ணி பொடிப்பொடித் துளியா உடைஞ்சு மேல வருது, ஒரு துளி சில மைக்ரான்தான் இருக்கும். ஆவியாகல, தண்ணியாவே பறக்குது, அப்ப தண்ணில கரைஞ்சிருந்த கால்சியம் மக்னீசியம் எல்லாம் துளியோட சேந்துதான பறக்கும். ரூமுக்குள்ள வந்தப்புறம் துளி காஞ்சிடும், உப்பு மட்டும் பவுடரா காத்துல மிதந்து கடைசில எங்கயாவது உக்காரும். கறுப்பு டிவி ஸ்க்ரீன்ல விரலால பேர் எழுதலாம், லேப்டாப் கீ இடுக்குல வெள்ளை, செடி இலையில வெள்ளை. "என்னங்க, நேத்து சாயங்காலம்தான தொடச்சேன்"னு வீட்ல கேப்பாங்க, அது தூசு இல்ல, நம்ம குழாத்தண்ணிதான். ஏர் ப்யூரிஃபையர் இருக்கற வீடுன்னா இன்னும் வேடிக்கை, பக்கத்துல ஹ்யூமிடிஃபயரைப் போட்ட கொஞ்ச நேரத்துலயே அது சிவப்பு லைட்டைப் போட்டு உறுமும்.

எவாபரேட்டிவ்ல நடக்கறது தூத்துக்குடி உப்பளத்துல நடக்கறதேதான், தண்ணி போயிடும், உப்பு நின்னுடும். கீழ ட்ரே, அதுல நிக்கற ஒரு தேன்கூடு மாதிரி பேப்பர் விக் (விளக்குத் திரி மாதிரி தண்ணிய இழுக்கறது), விக் தண்ணிய உறிஞ்சி மேல ஏத்தும், ஃபேன் அது வழியா காத்தை இழுக்கும், அவ்வளவுதான் மெஷினு. காத்துக்குள்ள போறது வெறும் ஆவி, உப்பு மொத்தமும் விக்லயும் ட்ரேயிலயும் தங்கிடும்.

எவ்வளவு உப்புன்னு ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. டொரொண்டோகாரங்களுக்கு லேக் ஒண்டாரியோ தண்ணி, ஹார்ட்னஸ், அதாவது தண்ணில இருக்கற கால்சியம் மக்னீசியம் கணக்கு, லிட்டருக்கு சுமார் 120 மில்லிகிராம், அவங்க கொஞ்சம் தப்பிச்சாங்க. நம்ம ஏரியால பெரும்பாலும் நிலத்தடித் தண்ணி, 300 எல்லாம் சர்வசாதாரணம், ஊர்ல போர் தண்ணி பிடிச்ச பக்கெட்ல வெள்ளையா உப்பு படியுமே அதே ரகம். கரைஞ்சது மொத்தமும் சேத்து லிட்டருக்கு 400ன்னு வச்சுக்கோங்க, ராத்திரி பகலா ஓடி ஒரு நாளைக்கு 6 லிட்டர் காலியாகுதுன்னா 2.4 கிராம், மாசத்துக்கு 72 கிராம். அந்த 72 கிராமும் எங்கயாவது போய்த்தான் ஆகணும். ஒரு மெஷின் அதை சோபாவுலயும் நுரையீரல்லயும் கொண்டு போய் சேக்குது, இன்னொண்ணு தூக்கிப் போடற பேப்பர்ல பிடிச்சு வைக்குது. எனக்கு இது ஒண்ணே போதும், மத்ததெல்லாம் அப்புறம்தான். இந்தப் பவுடரால பெரிய உடம்புக் கோளாறு வரும்னு பயமுறுத்தல, அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான இ.பி.ஏ 1991ல போட்ட குறிப்புலயே உப்பு கம்மியான தண்ணி ஊத்துங்கன்னுதான் சொன்னாங்க. ஆனா கைக்குழந்தையோ ஆஸ்துமாகாரங்களோ இருக்கற வீட்ல வேணும்னே ஏன் காத்துல பவுடர் தூவணும்?

"எங்க வீட்லதான் வாட்டர் சாஃப்ட்னர் இருக்கே"ம்பாங்க, இங்கதான் நிறைய பேர் ஏமாறது. சாஃப்ட்னர் உப்பை எடுக்கறதில்ல, ஆளை மாத்துது, கால்சியத்தை வாங்கிட்டு சோடியத்தைக் குடுக்குது. மொத்த அளவு அப்படியேதான் இருக்கும், அல்ட்ராசோனிக்ல ஊத்தினா அதே வெள்ளைப் பவுடர்தான். வடிகட்டற ஜக்கும் கொஞ்சம்தான் குறைக்கும். உண்மையா வேலை செய்யறது ஆர்ஓ தண்ணியும் டிஸ்டில்டு வாட்டரும்தான். டிஸ்டில்டுன்னா நாளைக்கு 4 லிட்டர் ஜாடி ஒண்ணரை வேணும், குளிர்காலம் முழுக்கக் கடையிலருந்து ஜாடி சுமந்துட்டே இருக்க வேண்டியதுதான், கம்மி விலைக்கு மெஷின் வாங்கின சந்தோஷம் டிசம்பர்லயே தீந்துடும்.

அதுக்காக எவாபரேட்டிவ் சொகுசுன்னு நினைச்சிடாதீங்க, வேலை வாங்கும். விக் நாலஞ்சு வாரத்துல ஓரம் மஞ்சளாகி, அப்புறம் பழுப்பாகி, மேல் விளிம்பு மொறுமொறுன்னு அப்பளம் போல ஆயிடும். தண்ணி ஏறி ஆவியாகற இடம் அதுதானே, உப்பும் அங்கதான் கட்டும். கட்டினா தண்ணி ஏறாது, ஃபேன் பாட்டுக்கு ஓடும், டேங்க் குறையவே குறையாது. அந்தக் கட்டத்துல மாத்தியே ஆகணும். அடிக்கடி தலைகீழா திருப்பி வச்சா ரெண்டு பக்கமும் சமமா தேயும். வெள்ளை வினிகர்ல தண்ணி கலந்து அரை மணி ஊற வச்சா சுண்ணாம்பு கரையும், இன்னும் கொஞ்ச நாள் ஓடும், ரெண்டாவது தடவை அதே பேப்பர் தொளதொளன்னு ஆயிடுது. ப்ளீச் போட்டுக் கழுவறவங்க வினிகரோட கலந்துடாதீங்க, குளோரின் கேஸ் வரும்.

முக்கியமா ஒண்ணு, மேனுவல்ல பெருசா சொல்றதில்ல: ட்ரே தண்ணியக் கொட்டுங்க. நாம டேங்க்கை ரொப்பி ரொப்பி வைக்கறோம், தண்ணி மட்டும் போகுது, ட்ரேல மிச்சம் இருக்கறது நாளுக்கு நாள் கெட்டிக்குது. பெரிய பில்டிங் கூலிங் டவர்ல இதுக்குன்னே கொஞ்சம் தண்ணிய வெளிய விட்டுட்டே இருப்பாங்க. வீட்ல மூணு நாளைக்கு ஒருக்கா ட்ரேயைக் கவுத்துட்டுப் புதுத்தண்ணி விட்டா விக் நல்லாவே கூட வருது, வழவழப்பும் நாத்தமும் சேராது. சாஃப்ட்னர் தண்ணி ஊத்தினா படியற உப்பு குழாத்தண்ணிலயே கரையுது, கல்லு மாதிரி ஒட்டறதில்ல, ஆனா சில கம்பெனி அதை வேணாங்கறாங்க, மேனுவலைப் பாத்துக்கோங்க.

இன்னொரு வசதி, எவாபரேட்டிவ் ஓவரா போகாது. ரூம்ல ஈரம் ஏற ஏற ஆவியாகறது தானா மந்தமாகும். அல்ட்ராசோனிக்குக்கு அந்த அறிவு கிடையாது, அணைக்காம விட்டா மேஜை ஈரம், கார்ப்பெட் ஈரம், ஜன்னல்ல தண்ணி வழிஞ்சு காலைல ஐஸா நிக்கும். கடுங்குளிர்ல 30 சதவீதம் கிட்ட வச்சாலே போதும். ஆனா ரெண்டு மெஷினுமே ரூமை லேசா குளிரடிக்கும், ஆவியாக வேண்டிய சூட்டை ரூம் காத்துலருந்துதான் எடுக்குது, ஒரு லிட்டருக்கு கிட்டத்தட்ட 0.7 யூனிட் கரண்டுக்குச் சமமான சூடு. ஹீட்டர் அந்தக் கடனை அடைக்கும்.

கொதிக்க வைக்கற ஸ்டீம் டைப் நான் ஓட்டினதில்ல, நண்பர் வீட்ல பாத்ததோட சரி. உப்பு அதுலயும் உள்ளயேதான் தங்குது, கெட்டில் அடி மாதிரி சுரண்டணும், கரண்டு ஜாஸ்தி, தவழற குழந்தை இருந்தா சுடுதண்ணி பயம் வேற. வீடு மொத்தத்தையும் சூடாக்கற ஃபர்னஸ்ல மாட்டற பெரிய டைப் சொந்த வீட்டுக்காரங்க சமாசாரம், வாடகைக்கு இருக்கறவங்களுக்கு ஒத்துவராது.

சிங்க் அடியில ஆர்ஓ ஏற்கனவே இருக்கா, ஒரே ஒரு பெட்ரூமுக்குத்தான் வேணுமா, சத்தம் ஆகாதா, அல்ட்ராசோனிக் தாராளமா வாங்குங்க. குழாத்தண்ணியத்தான் ஊத்தப் போறீங்கன்னா எவாபரேட்டிவ். அதுலயும் மாடலைப் பாக்கறதுக்கு முன்னாடி அதுக்கான விக் என்ன விலை, பக்கத்துக் கடையிலயே கிடைக்குதான்னு பாருங்க, ஜனவரில விக் ஸ்டாக் இல்லன்னு கைய விரிச்சுடுவாங்க. நான் அக்டோபர்லயே ரெண்டு வாங்கிப் போட்டுடறேன்.