பழைய அம்பாசடரில் புதிய எஞ்சின்: சாவி வயரிங்குக்கு எந்த வழி?

எஞ்சினை இறக்கி வேறொன்றை ஏற்றக் கும்பகோணத்தில் ஆள் உண்டு. செயின் பிளாக் இருந்தால் சில நாளில் உட்கார்ந்துவிடும். சாவியைத் திருப்பினால் என்னென்ன நடக்க வேண்டும் என்ற இடத்தில்தான் வேலை நின்றுபோகிறது. அப்பாவின் அம்பாசடர் அப்படி எங்கள் களத்துக் கொட்டகையில் ஒரு குறுவையும் ஒரு சம்பாவும் முடியும்வரை கிடந்தது.

பழைய 1489 சிசி எஞ்சினுக்குச் சாவியிலிருந்து தேவைப்பட்டது மிகக் குறைவு. கார்புரேட்டர், பொறியைப் பகிரும் டெல்கோ, அதற்குள் பாயின்ட், பொறிக்கு ஒரே ஒரு காயில். அந்தக் காயில் 3 முதல் 4 ஆம்பியர் இழுக்கும், அவ்வளவுதான். இப்போது ஏற்றும் எம்பிஎஃப்ஐ (கணினி கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும்) எஞ்சினுக்கு அதன் கணினியான இசியு, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள், காயில்கள், டேங்குக்குள் பெட்ரோல் பம்ப், ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டர் என்று எல்லாம் சேர்ந்து 15 ஆம்பியரைத் தாண்டிவிடும். இந்தச் சுமையை யார் தாங்குவது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

நம் பக்கத்தில் அதிகம் நடப்பது, பழைய சாவி சுவிட்சிலிருந்தே எல்லாவற்றுக்கும் கம்பி இழுப்பது. ஒரு பிற்பகலில் முடியும். வண்டியும் உடனே ஸ்டார்ட் ஆகும். எங்கள் வண்டிக்கும் முதலில் இப்படித்தான் போட்டுக் கொடுத்தார்கள். ஐப்பசி மழையில் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் அணைத்துவிட்டு, கேட் திறந்ததும் சாவியைத் திருப்பினேன். செல்ஃப் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. டேஷ்போர்டுக்குப் பின்னால் கம்பியின் உறை கருகும் வாசனை வந்தது.

கணக்குப் போட்டால் காரணம் புரிந்துவிடும். பழைய சுவிட்சின் தொடுமுனைகளிலும் திருகுகளிலும் கம்பியிலும் சேர்த்து 0.1 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 3.5 ஆம்பியர் போனால் 0.35 வோல்ட் குறையும். பழைய காயில் அதைப் பொருட்படுத்தாது. அதே பாதையில் 15 ஆம்பியர் போனால் 1.5 வோல்ட் போய்விடும். 22 வாட்டுக்கு மேல் வெப்பமும் அங்கேயே உண்டாகும். செல்ஃப் சுற்றும் நேரத்தில் பேட்டரியே 10 வோல்ட் அளவுக்கு இறங்கியிருக்கும். மிச்சமுள்ள 8.5 வோல்ட்டில் இன்ஜெக்டர் தாமதித்துத் திறக்கிறது, பம்ப் தளர்கிறது, பொறி மெலிகிறது. இந்த வழியை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

இதற்கு நேர் எதிரானது, எஞ்சின் வந்த காரின் வயரிங் முழுவதையும் அதன் சாவி சுவிட்சோடு சேர்த்துப் பெயர்த்து வைப்பது. கம்பெனி போட்ட இணைப்புகள், சரியான பருமனில் கம்பிகள், அந்த எஞ்சினின் வரைபடத்தோடு நிறத்துக்கு நிறம் பொருந்தும். இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாவிட்டால் எஞ்சினை ஓடவிடாத திருட்டுத் தடுப்பு) உள்ள எஞ்சின் என்றால் இதில் ஒரு பகுதியையாவது ஏற்றுத்தான் ஆக வேண்டும். இசியு, இம்மொபிலைசர் பெட்டி, சாவியைச் சுற்றியுள்ள வளையம், சாவி ஆகிய நான்கையும் ஒரே வண்டியிலிருந்து வாங்குங்கள். சாவி இல்லாமல் எஞ்சினை மட்டும் மலிவாக வாங்கியவர்கள் பிறகு படும் பாடு பெரிது.

ஆனால் அந்த வயரிங்கில் பெரும்பகுதி நமக்குத் தேவையில்லாத மீட்டர், பவர் விண்டோ, கதவுப் பூட்டு ஆகியவற்றுக்கானது. பிரித்தெடுக்கப் பல நாளாகும். எடுக்காமல் சுருட்டி உள்ளே திணித்தால் எலிக்கு வீடு கட்டிக்கொடுத்த மாதிரி. சம்பா அறுவடை முடிந்து நெல் களத்துக்கு வரும் தை மாதத்தில், கொட்டகையில் நிற்கும் வண்டியின் கம்பியை எலி விட்டுவைக்காது. அப்பா 30 ஆண்டுகள் திருப்பிய சாவித்துளையை அடைத்துவிட்டு வேறொரு காரின் சாவியை வைக்க எனக்கு மனமும் வரவில்லை.

தனி இசியு வாங்கி, வயரிங்கைப் புதிதாகவே பின்னுவது இன்னொரு வழி. நல்ல வழிதான். ஆனால் டியூனிங் செய்யக் கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ போக வேண்டும்.

நான் தேர்ந்தது ரிலே வழி. ரிலே என்பது சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச். பழைய சாவி ஆணை மட்டும் கொடுக்கும், சுமையை ரிலே தூக்கும். பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக ஒரு தடித்த கம்பி ரிலேயின் 30 எண் முனைக்கு. 87-லிருந்து எஞ்சினுக்கு. சாவியிலிருந்து வரும் கம்பி 86-க்கு. அம்பாசடரின் லூகாஸ் வயரிங் நிற முறையில் அது வெள்ளை நிறம். 85 எர்த்துக்கு. ரிலே காயில் ஒன்று 0.2 ஆம்பியர்கூட இழுப்பதில்லை. மூன்று ரிலே வைத்தாலும் சாவி சுவிட்சுக்கு அதன் பழைய வேலையைவிடக் குறைவான வேலைதான்.

பெட்ரோல் பம்ப் ரிலேக்கு மட்டும் 85-ஐ எர்த்தில் கொடுக்காதீர்கள், இசியுவிடம் கொடுங்கள். சாவி போட்டதும் பம்ப் இரண்டு மூன்று வினாடி ஓடி நின்றுவிடும், எஞ்சின் சுற்றினால்தான் தொடரும். நாம் ஓட்டுவது அரசலாற்றங்கரையிலும் வெண்ணாற்றங்கரையிலும். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வாய்க்கால். வண்டி கவிழ்ந்து எஞ்சின் நின்றபின்னும் சாவி போட்டபடியே இருந்தால், நேரடியாக இணைத்த பம்ப் பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். இந்த ஒரு கம்பியில் சோம்பல் கூடாது.

ரிலே வழியில் இணைப்புகள் கூடுகின்றன என்பது உண்மையான குறை. வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்து உப்புக் காற்றில் ஒவ்வொரு முனையிலும் பச்சைக் களிம்பு பிடிக்கும். முறுக்கி டேப் சுற்றுவதை விட்டுவிட்டு, முனைகளை அழுத்திப் பிடித்து, சூட்டில் சுருங்கும் குழாயைப் போட வேண்டும். ரிலே பெட்டியை வண்டிக்குள்ளே உயரத்தில், கம்பிகள் கீழ்நோக்கி இறங்கும்படி வைத்தேன்.

எந்த வழியானாலும் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பழைய சுவிட்சில் சில முனைகள் செல்ஃப் அடிக்கும்போது செத்துவிடும். இசியுவுக்கு அந்த நொடியிலும் மின்சாரம் வேண்டும் என்பதால் டெஸ்ட் லைட்டை வைத்து, சாவி போட்ட நிலை, செல்ஃப் அடிக்கும் நிலை இரண்டிலும் எரிகிறதா என்று பாருங்கள். டைனமோவையும் அதன் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கட்டவுட்டையும் கழற்றி ஆல்டர்னேட்டர் போட்டால், சார்ஜ் விளக்கின் வழியாக மின்சாரம் பின்னோக்கி வந்து, சாவியை எடுத்த பிறகும் ரிலேயைப் பிடித்துவைத்திருக்கக்கூடும். விளக்கின் கம்பியில், மின்சாரத்தை ஒரே திசையில் விடும் ஒரு டயோடு போட்டால் தீரும். பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியில் இணைந்த) வண்டி என்றால் அதை மாற்றாமல் இசியுவை இணைக்கவே கூடாது. எஞ்சினிலிருந்து பாடிக்குத் தடித்த எர்த் பட்டை வேண்டும். இல்லையேல் செல்ஃபின் மின்சாரம் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பி அதைச் சுட்டுவிடும். எஞ்சின் மாற்றத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு பொருந்தும், வட்டாரப் போக்குவரத்து அலுவலக அனுமதியை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

என் வண்டியின் வரைபடத்தைக் கம்பி நிறம், ஃப்யூஸ் அளவு, ரிலே எண் எல்லாவற்றோடும் தமிழில் எழுதி, டேஷ்போர்டு அறைக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறேன். மன்னார்குடியிலோ மயிலாடுதுறையிலோ நின்றுபோனாலும், அங்கே வரும் எலக்ட்ரீஷியன் அதைப் படித்துக்கொள்ளலாம்.