பினாங்கு லிட்டல் இந்தியாவில் கென்யத் தேயிலை

மாதச் சாமான் வாங்கும் லிட்டல் இந்தியா மளிகைக்கடையில் இப்போது கென்யத் தேயிலையை நிறுத்துக் கொடுக்கிறார்கள். 19 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து அரைக் கிலோ வாங்கி, மூன்று வாரம் குடித்துப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

கடைக்காரர் காட்டியது பி.எஃப்.1 என்னும் சிறுமணி ரகம். உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தபோது கசகசா அளவில் கறுத்த மணிகளாக இருந்தது. காம்போ நாரோ கண்ணில் படவில்லை. கொதிநீர் ஊற்றிய இரண்டே நிமிடத்தில் சாயம் செம்பொன்னாக இறங்கிவிட்டது. டின் பால் எவ்வளவு ஊற்றினாலும் சுவை அமுங்கவில்லை என்பதால், தே தாரிக் என்னும் இழுத்து ஆற்றும் பால் தேநீருக்கு இதைவிடப் பொருத்தமான தூள் என் வீட்டிற்கு வந்ததில்லை. கேமரன் மலையில் கொழுந்து பறித்த என் பாட்டி இருந்திருந்தால், முகர்ந்த மாத்திரத்தில் தலையசைத்திருப்பார்.

கென்யாவின் முறையும் நம் மலேசியத் தோட்ட முறையும் ஒன்றல்ல. 1903இல் லிமுருவில் முதன்முதலாகத் தேயிலை நட்ட கென்யாவில் கெரிச்சோ, நந்தி போன்ற இடங்களில் பெருந்தோட்டங்கள் இருந்தாலும், விளைச்சலில் பாதிக்கு மேல் சிறு விவசாயிகளுடையது. ஆறு லட்சத்திற்கும் அதிகமான அவர்கள், தங்கள் துண்டு நிலத்தில் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிய கொழுந்தை அருகிலுள்ள கொள்முதல் நிலையத்தில் எடை போட்டுக் கொடுக்கிறார்கள். மாதந்தோறும் ஒரு தொகையும், தூள் விற்ற பிறகு ஆண்டிறுதியில் மீதியும் அவர்கள் கைக்கு வருகின்றன. பூமத்திய ரேகையை ஒட்டிய மலைநாடு என்பதால் ஆண்டு முழுவதும் பறிப்பு நடக்கிறது. மொம்பாசாவில் வாரந்தோறும் ஏலம் நடக்கிறது. அந்த ஏலம் 1956இல் நைரோபியில் தொடங்கி, 1969இல் துறைமுக நகரான மொம்பாசாவுக்கு மாறியது. அங்கே ஏலம் எடுக்கப்படும் தூளில் பெரும்பகுதி மற்ற நாட்டுத் தூளோடு கலந்து, ஊர்ப்பெயர் இல்லாமலேயே கடைகளுக்கு வருகிறது. கலப்பில்லாமல், ரகத்தின் பெயரையும் சொல்லி விற்கும் இந்தக் கடையை நான் பெரிதாக மதிப்பது அதனால்தான்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். பொட்டலத்தில் தூள் வந்த தேதி இல்லை. முன்பு வேறொரு கடையில் கென்யத் தேயிலை என்று வாங்கி, வாசனை போன பழந்தூளைக் குப்பையில் கொட்டிய அனுபவம் எனக்கு உண்டு. இங்கே தகர டின்னை மூடியே வைத்திருக்கிறார்கள் என்றாலும், தேதியையும் எழுதி ஒட்டும்படி கடைக்காரரிடம் கேட்டிருக்கிறேன். அடுத்த மாதம் பெருமணியான பி.பி.1 வருகிறதாம், கால் கிலோ எடுத்துவைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.