ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியில் ‘ரன்’: ஒரே ஒரு பதிவுக்கு ஒரு மதிப்புரை

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் எவரும் முதல் சில நாள்களிலேயே தெரிந்துகொள்ளும் ‘ரன்’ என்ற சொல்லுக்கு, ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் திருத்திய இணையப் பதிப்பில் வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள்கள் கணக்கிடப்பட்டன. 1989-இல் 20 தொகுதிகளாக வந்த இரண்டாம் பதிப்பில் மிக நீண்ட பதிவு ‘செட்’ என்ற சொல்லுக்குரியதாக இருந்தது. அந்த இடத்தை இப்போது ‘ரன்’ பிடித்துக்கொண்டது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதியியலாளர் இந்த ஒரு சொல்லுக்காக ஒன்பது மாதங்கள் உழைத்தார். அரிய சொற்களுக்கு எந்த அகராதியும் ஓரளவு பொருள் சொல்லிவிடும் என்பதால், எளிய சொல்லை அது கையாளும் விதத்தை வைத்தே அதன் தரத்தை எடைபோடுகிறேன்.

பதிவின் பெருஞ்சிறப்பு அதன் பகுப்பு முறை. தமிழில் ‘ஓடு’ தன்வினை, ‘ஓட்டு’ பிறவினை என்று வடிவிலேயே வேறுபாடு தெரிந்துவிடும். ஆங்கிலத்திலோ பழங்காலத்தில் தனித்தனியாக இருந்த வடிவங்கள் ஒன்றாகக் கலந்துவிட்டதால், குதிரை ஓடுவதும், குதிரையை ஓட்டுவதும், நிறுவனத்தை நடத்துவதும் இன்று ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றன. அகராதி இவற்றைத் தன்வினைக் கிளை, பிறவினைக் கிளை என்று பிரித்து வைத்திருப்பதால், மூக்கு ஒழுகுவது, துவைக்கும்போது சாயம் பரவுவது, கண்ணீர் வழிவது ஆகிய அனைத்தும் நீரோட்டத்திலிருந்து கிளைத்தவை என்பது படிக்கும்போதே புலப்படுகிறது. கடிகாரம், ஆலை, ரயில், கணினி நிரல் என்று இயந்திரங்கள் பெருகப் பெருக, பழைய சொல்லே புதிய வேலைகளையும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. நாமும் கடிகாரம் ஓடுகிறது, படம் ஓடுகிறது என்றுதானே சொல்கிறோம்!

ஒவ்வொரு பொருளுக்கும் கீழே ஆண்டு வரிசையில் தரப்படும் மேற்கோள்களுக்காகவே இதைப் படிக்கலாம். ஒரு பொருள் எப்போது எழுத்தில் பதிவானது, எப்போது வழக்கொழிந்தது என்பதை விளக்கவுரையின் உதவியின்றி அவற்றிலிருந்தே அறியலாம். வட்டார வழக்கையும் பதிவு கவனிக்கிறது: தேர்தலில் போட்டியிடுவதற்கு அமெரிக்கர்கள் ‘ரன்’ என்பார்கள், பிரிட்டனில் ‘ஸ்டாண்ட்’ என்பதே வழக்கம். இதை அறியாமல் மொழிபெயர்ப்பவர்கள் இடறுவதற்கு வாய்ப்பு மிகுதி.

குறைகளும் உண்டு. பொருள்கள் வரலாற்று முறையில் அடுக்கப்பட்டிருப்பதால், இன்று அன்றாடம் புழங்கும் பொருளுக்கு முன்பாக, எப்போதோ மறைந்துபோன பொருள்கள் பலவற்றைக் கடக்க வேண்டியிருக்கிறது. ‘ரன் அவுட்’, ‘ரன் இன்டு’ போன்ற தொடர்வினைகள் பதிவின் கடைசிப் பகுதியில் இருப்பதால், அவசரத்துக்குத் தேடுபவர் பொறுமை இழந்துவிடுவார். முழுப் பதிவையும் படிக்கச் சந்தா கட்ட வேண்டும். நூலக உறுப்பினர் அட்டை வழியாக அணுக முடிந்தால் அதுவே நல்லது.

தேர்வுக்குப் படிக்கும் மாணவருக்கு, பயன்பாட்டு அளவைக் கொண்டு பொருள்களை வரிசைப்படுத்தும் கற்போர் அகராதியையே பரிந்துரைப்பேன். மொழிபெயர்ப்பாளருக்கும் மொழி ஆசிரியருக்கும் இந்தப் பதிவைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். பிறவினைக் கிளையிலிருந்து தொடங்கினால் ‘நடத்துதல்’ என்ற பொருள் எப்படிப் பிறந்தது என்பது விரைவில் பிடிபடும்.