மெயில்சிம்ப்: ‘வணக்கம் எம்’ முதல் ‘செல்வி அக்காவுக்கு’ வரை

உடன்குடிப் பக்கத்தில் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகக் கருப்பட்டி வியாபாரம் செய்கிறது. தாத்தா காலத்தில் வியாபாரம் சந்தையோடு முடிந்துவிடும். அப்பா காலத்தில் லாரி ஆபீஸ் வழியாக மதுரைக்கும் சென்னைக்கும் மூட்டைகள் போயின. என் காலத்தில் ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று கூரியரில் நேராக வீடுகளுக்கே போகிறது. வாங்குகிறவர்களின் முகத்தைத் தாத்தா பார்த்தார்; நான் பார்ப்பதில்லை. அந்தக் குறை உறுத்தியதால்தான் மாதம் ஒரு மின்மடல் எழுதத் தொடங்கினேன். நான்கு வருடங்கள் ஆகின்றன. கடைசி மூன்று வருடங்களாக, பட்டியலில் இருக்கிற எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மின்மடல் அனுப்பித் தரும் மெயில்சிம்ப் என்ற இணையச் சேவை வழியாக அனுப்புகிறேன். தமிழில் கடிதம் எழுதும் சிறு வியாபாரிக்கு அது எந்த அளவுக்கு உதவும் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதல் வருடம் வேறொரு சேவையில் இருந்தேன். ஆர்டர் பட்டியலை அப்படியே அதில் ஏற்றி, ‘முதல் பெயர்’ என்ற இடத்தைக் கடிதத்தின் தலையில் வைத்து அனுப்பிவிட்டேன். நம் ஊரில் பெயருக்கு முன்னால் இனிஷியல் வரும் என்பதை அந்த அவசரத்தில் மறந்துபோனேன். கோவில்பட்டியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு ‘வணக்கம் எம்’ என்று போயிருந்தது. எட்டு வருடமாக எங்களிடம் வாங்குகிறவர். அவர் கோபப்படவில்லை. “அம்மா, எம் என்பது என் தகப்பனார் பெயரின் முதல் எழுத்து. அவர் காலமாகி முப்பது வருடம் ஆகிறது” என்று இரண்டே வரி எழுதியிருந்தார். அன்று இரவு பட்டியல் முழுவதையும் திறந்து பார்த்தேன். ஏறக்குறைய பாதிப் பேருக்கு இப்படி ஒற்றை எழுத்துதான் போயிருந்தது. பெயர் போட்டுக் கூப்பிட்டால் நெருக்கம் வரும் என்று நினைத்துச் செய்தது, பெயரே தெரியாதவள் எழுதியது போல ஆகிவிட்டது.

மெயில்சிம்ப்புக்கு மாறியபோது இந்த ஒரு விஷயத்தைச் சரிசெய்ய முடியுமா என்றுதான் முதலில் பார்த்தேன். இந்தச் சேவை 2001இல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் தொடங்கியது. வலைத்தளம் வடிவமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த பென் செஸ்ட்நட்டும் டான் குர்சியசும், தங்களிடம் வந்த சிறு கடைக்காரர்களுக்கு மின்மடல் அனுப்ப எளிய வழி வேண்டும் என்பதற்காகப் பக்கத் தொழிலாக ஆரம்பித்தார்கள். 2021இல் இன்டூயிட் நிறுவனம் அதைச் சுமார் 1,200 கோடி டாலருக்கு வாங்கியது. இவ்வளவு பெரிய கைக்கு மாறிய பிறகும் உள்ளே இருக்கிற அடிப்படைக் கருவி சிறு கடைக்காரருக்கானதாகவே இருக்கிறது. திரையில் தமிழ் கிடையாது. ஆனால் கடிதத்தின் உள்ளும், சந்தாப் படிவத்திலும் நாம் தட்டச்சு செய்கிற தமிழ் சிதையாமல் போய்ச் சேர்கிறது.

இதில் பெயரைச் சேர்ப்பதற்கு ஒரு குறி உண்டு. ஒவ்வொருவரின் பெயர் போன்ற விவரங்களும் பட்டியலில் தனித்தனிக் கட்டங்களில் இருக்கும். இருபுறமும் நட்சத்திரக் குறியும் நெடுங்கோடும் வைத்து, நடுவே அந்தக் கட்டத்தின் பெயரை எழுதினால், அனுப்பும்போது ஒவ்வொருவரின் விவரமும் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆங்கிலத்துக்கு இது போதும். தமிழுக்குப் போதாது. நாம் பெயரைத் தனியாக விடுவதில்லை. முருகனுக்கு, செல்விக்கு, ராஜாவுக்கு என்று பெயரின் வால் மாறிக்கொண்டே இருக்கும். குறிக்குப் பின்னால் ‘க்கு’ என்று சேர்த்தால் செல்விக்குச் சரியாக வரும். முருகன், ‘முருகன்க்கு’ ஆகிவிடுவார். ‘உக்கு’ என்று சேர்த்தால் ‘முருகன்உக்கு’, ‘செல்விஉக்கு’ என்று இருவருமே கெட்டுப்போவார்கள். ‘அவர்களுக்கு’ என்று போட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். அது கல்யாணப் பத்திரிகை உறைமேல் எழுதுவது போல இருக்கிறது. மரியாதைக்குக் குறைவில்லை, ஆனால் எங்கள் பக்கத்தில் கடைக்காரி வாடிக்கையாளரோடு பேசுகிற மொழி அது இல்லை. அறுபது வயதுக்காரர் கடைக்கு வந்தால் ‘வாங்க அண்ணாச்சி’ என்பேன். ‘முருகன் அவர்களே’ என்று யாரும் சொல்வதில்லை.

மெயில்சிம்ப்பில் நாமாகவே புதிய கட்டங்களை உருவாக்கிக்கொள்ளலாம். ‘அழைப்பு’ என்று ஒரு கட்டம் உருவாக்கினேன். அதில் பெயரை மட்டும் போடாமல், விளிக்கும் சொல்லையும் வேற்றுமை உருபையும் சேர்த்து முழுச் சொல்லாகவே எழுதினேன்: ‘முருகன் அண்ணாச்சிக்கு’, ‘செல்வி அக்காவுக்கு’, ‘பாத்திமா டீச்சருக்கு’. அப்போது பட்டியலில் 430 பேர். மூன்று ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொருவராகத் தட்டினேன். அம்மா பக்கத்தில் இருந்து, “இவர் உன் அப்பாவைவிட மூத்தவர், ஐயா என்று போடு”, “இந்தப் பிள்ளை உன்னைவிடச் சின்னவள், தங்கச்சி என்று போடு” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். எந்த மென்பொருளும் செய்து தராத வேலை இது. செய்து முடித்த பிறகு அதை நினைவில் வைத்துக்கொண்டு மாதாமாதம் பிசகில்லாமல் எடுத்துக்கொடுக்கிற வேலையை மெயில்சிம்ப் செய்கிறது. நான் பணம் கொடுப்பது அதற்காகத்தான்.

புதிதாகச் சேர்கிறவர்களுக்காகச் சந்தாப் படிவத்திலேயே ஒரு கேள்வி வைத்துவிட்டேன்: ‘கடிதத்தில் உங்களை எப்படி அழைக்கட்டும்?’ வருகிற பதில்கள் அத்தனை அழகாக இருக்கின்றன. ‘பாட்டி என்று எழுது’ என்று ஒருவர். ‘மீனாவின் அம்மா’ என்று ஒருவர். வெறும் பெயர் போதும், உறவுமுறை வேண்டாம் என்று தெளிவாகச் சொல்கிறவர்களும் உண்டு. சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிற இளம் வயதினர் பெரும்பாலும் அப்படித்தான். அவர்கள் விருப்பம் அதுவென்றால் அதுதான் சரியான அழைப்பு. கட்டம் காலியாக இருந்தால் என்ன வர வேண்டும் என்பதையும் முன்கூட்டியே அமைப்பில் எழுதி வைக்கலாம். ‘அன்புடையீர்’ என்று வைத்திருக்கிறேன். இதைச் செய்யாமல் விட்டால் கடிதத்தின் தலையில் காற்புள்ளி மட்டும் தனியாக நிற்கும். ஆகவே முதல் நாளே செய்துவிடுங்கள்.

இந்த வசதியில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. கோயம்புத்தூரில் ஒருவர், சுக்குக் கருப்பட்டியைத் தவிர வேறு எதுவும் வாங்கமாட்டார். போன வருடம் ஆனியில் ‘அண்ணாச்சிக்கு’ என்று வழக்கம்போலக் கடிதம் போனது. அவர் மனைவி பதில் எழுதியிருந்தார்: “அவர் போய் மூன்று மாதம் ஆகிறது. கடிதத்தை நிறுத்த வேண்டாம், நான் படிக்கிறேன். எனக்குச் சர்க்கரை நோய், கருப்பட்டி வேண்டாம்.” வெறும் ‘அன்புடையீர்’ என்று போயிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. உரிமையோடு கூப்பிட்டுவிட்டு, ஆள் இருக்கிறாரா இல்லையா என்றுகூடத் தெரியாமல் இருந்திருக்கிறேன். அன்றிலிருந்து ஒவ்வொரு முறை அனுப்பும் முன்பும் பட்டியலை ஒரு தடவை மேலிருந்து கீழ்வரை படிக்கிறேன். ஆறு மாதமாக ஆர்டர் வராதவர்களைத் தொலைபேசியில் விசாரிக்கிறேன்.

அந்த அம்மாவுக்குக் கடிதம் இன்றும் போகிறது, விலைப்பட்டியல் இல்லாமல். மெயில்சிம்ப்பில் நிபந்தனைக் குறிகள் இருக்கின்றன: இந்தக் கட்டத்தில் இன்னது இருந்தால் இந்தப் பத்தியைக் காட்டு, இல்லாவிட்டால் காட்டாதே என்று எழுதலாம். கடிதம் மட்டும் போதும் என்கிறவர்கள் என் பட்டியலில் இப்போது பதினோரு பேர். பனங்கற்கண்டு மட்டும் வாங்குகிறவர்களுக்குக் கற்கண்டு விலை முதலில் வருகிறது. குறியில் ஓர் எழுத்து விடுபட்டாலும் பத்தி குழம்பிவிடும் என்பதால், அனுப்பும் முன் நான்கைந்து பேரின் விவரத்தோடு முன்னோட்டம் பார்ப்பது அவசியம். அந்த முன்னோட்ட வசதி நன்றாகவே இருக்கிறது.

அலங்கார வார்ப்புருக்கள் நிறைய உண்டு. பெரிய படம், வண்ணப் பொத்தான், மூன்று பத்தி வரிசை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு எழுத்து மட்டும் உள்ள எளிய வடிவத்துக்கு வந்துவிட்டேன். கடையின் விளம்பரத் தாள் போல இருந்ததைவிடக் கடிதம் போல இருந்தபோது பதில்கள் அதிகம் வந்தன என்பது ஒரு காரணம். இன்னொன்று தொழில்நுட்பம் சார்ந்தது, தமிழில் எழுதுகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. ஒரு மின்னஞ்சல் 102 கிலோபைட்டைத் தாண்டினால் ஜிமெயில் அதை நடுவில் வெட்டி, மீதியைப் பார்க்கத் தனியாகச் சொடுக்கச் சொல்கிறது. ஆங்கில எழுத்து ஒன்று ஒரு பைட். தமிழ் எழுத்து ‘க’ மூன்று பைட். ‘கி’ என்றால் மேல் விலங்கு சேர்ந்து ஆறு பைட். அலங்கார வார்ப்புருவுக்குப் பின்னால் இருக்கிற நிரலும் சேர்ந்தால், நீளமாக எழுதுகிறவர்களின் கடிதம் எளிதில் வெட்டுப்படும். கடைசியில் இருக்கிற கையெழுத்தும், விலகிக்கொள்வதற்கான இணைப்பும் வாசகர் கண்ணுக்கே தெரியாமல் போகும். எழுத்துருவைத் தேர்ந்தெடுப்பதிலும் நேரத்தைச் செலவிட வேண்டாம். பட்டியலில் இருக்கிற ஆங்கில எழுத்துருக்களில் தமிழ் இல்லை. படிக்கிறவரின் கைபேசியில் இருக்கிற தமிழ் எழுத்துருதான் வரும்.

அனுப்புநர் பெயரில் கடைப் பெயரை நீக்கிவிட்டு என் பெயரை வைத்தேன். பதில் போடும் முகவரியில் நான் தினமும் திறக்கிற பெட்டியையே கொடுத்தேன். ‘இந்த மின்னஞ்சலுக்குப் பதில் அனுப்ப வேண்டாம்’ என்று எழுதும் நிறுவனங்கள் எதற்காக அன்பாகப் பெயர் சொல்லி அழைக்கின்றன என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. என் கடிதத்தில் விலைக்கு முன்னால் விடிலியின், அதாவது பதநீர் காய்ச்சும் குடிசையின், செய்தி வரும். வானம் மூடியிருந்ததால் கலயத்தில் பதநீர் குறைந்தது, காற்று பலமாக அடித்ததால் மாமா இரண்டு நாள் பனை ஏறவில்லை, இந்த முறை பாகு முறுகி நிறம் சற்றுக் கருத்திருக்கிறது. ‘நிறம் கருத்த கருப்பட்டி’ பற்றி எழுதிய மாதம் முப்பத்தாறு பதில்கள் வந்தன. சீனி கலந்ததா என்று பயந்து கேட்டவர்களும் இருந்தார்கள். சீனி கலந்தால் நிறம் எப்படி இருக்கும், உடைத்தால் உள்ளே எப்படி இருக்கும் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினேன். அதில் பலர் என்னை ‘தங்கச்சி’ என்று அழைத்து மறுபடி எழுதினார்கள்.

எத்தனை பேர் திறந்தார்கள் என்று மெயில்சிம்ப் காட்டுகிற எண்ணை அதிகம் நம்ப வேண்டாம். 2021 செப்டம்பரில் ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த தனியுரிமை ஏற்பாடு, வாசகர் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. திறந்ததைக் கணக்கிடுவது, கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு படம் இறங்குவதை வைத்துத்தான் என்பதால், அந்த எண் ஊதிப்போகிறது. நான் பதில்களைத்தான் எண்ணுகிறேன்.

சொந்த டொமைன் முகவரி, அதாவது ஜிமெயில் என்று முடியாமல் உங்கள் சொந்த வலைப்பெயரில் முடிகிற மின்னஞ்சல் முகவரி, இல்லாதவர்கள் முதலில் அதை வாங்கிவிடுங்கள். ஒரு நாளைக்கு 5,000 மடல்களுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புகிறவர்களுக்கு 2024 பிப்ரவரியில் கூகுள் விதிகளைக் கடுமையாக்கியது. யாகூவும் மொத்தமாக அனுப்புகிறவர்களுக்கு அதே வழியில் விதி வகுத்தது. முகவரி உண்மையானதா என்று சரிபார்க்கும் பதிவுகள் இருக்க வேண்டும், ஒரே சொடுக்கில் விலகும் வசதி இருக்க வேண்டும். நாம் அவ்வளவு அனுப்புவதில்லை என்றாலும், சரிபார்க்கப்பட்ட முகவரியிலிருந்து வருகிற கடிதம் குப்பைப் பெட்டிக்குப் போகும் வாய்ப்பு குறைவு. அதை அமைக்க எனக்கு ஒரு பகல் பிடித்தது. கடிதத்தின் அடியில் அஞ்சல் முகவரி கட்டாயம் இருக்க வேண்டும் என்பதும் ஒரு விதி; அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருவது. தெருப் பெயரோடு எங்கள் வீட்டு முகவரியையே போட்டிருக்கிறேன். திருச்செந்தூர் கோயிலுக்கு வந்த இரண்டு குடும்பங்கள் அதைப் பார்த்து விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டன. பதநீர் கொடுத்து அனுப்பினோம்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, மாதச் சந்தா என் போன்றவர்களுக்கு ஏற்றதில்லை. அது பட்டியலில் இருக்கிற தலைகளின் எண்ணிக்கையை வைத்து ஏறும். விலகிக்கொண்டவர்களும் அந்தக் கணக்கில் வருவார்கள்; ‘ஆர்க்கைவ்’ செய்தால்தான், அதாவது பட்டியலிலிருந்து எடுத்துத் தனியே ஒதுக்கி வைத்தால்தான், கழிவார்கள். பனையோ வருடம் முழுவதும் பதநீர் தருவதில்லை. பங்குனியில் சூடுபிடித்து ஆடியோடு ஓய்ந்துவிடும். மழைக்காலத்தில் கருப்பட்டி கசியும் என்பதால் கடிதத்தையும் குறைத்துக்கொள்கிறேன். அதனால் அனுப்புகிற மடலுக்கு மட்டும் பணம் கட்டும் கிரெடிட் முறையைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு ஆளுக்கு ஒரு மடல் என்றால் ஒரு கிரெடிட். பன்னிரண்டு மாதத்தில் காலாவதியாகிவிடும் என்பதால் மொத்தமாக வாங்கிச் சேர்த்து வைக்காதீர்கள். வாரம் தவறாமல் எழுதுகிறவர்களுக்கு மாதச் சந்தாவே லாபமாக இருக்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். பெயரை ஆங்கிலேயர் பாணியில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிற கட்டங்களுக்காக அந்த ஒன்றைக் குறைத்தேன்.

இப்போது பட்டியலில் 612 பேர் இருக்கிறார்கள். பங்குனிக் கடிதம் பாதி எழுதியாயிற்று. புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒருவர் அழைப்புக் கட்டத்தில் ‘ஊர்க்காரன்’ என்று எழுதியிருக்கிறார். எந்த ஊர் என்று கேட்டுப் பதில் போட்டிருக்கிறேன்.