வியர்க்கும் சுவரோடு நாலு வருஷம்

போன வாரம் திருப்பூரிலிருந்து மச்சான் போன் செய்தான். ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீடு விலைக்கு வருகிறதாம். "நீ உங்க அப்பத்தா வீட்டைச் செஞ்ச மாதிரி நானே கொஞ்சம் கொஞ்சமா செஞ்சுக்கலாம்ல மாப்ள? மூணரை லட்சத்துல முடிச்சேன்னு சொன்னியே?" என்றான்.

நல்ல நாளில் கேட்டிருந்தால் நல்ல பதில் கிடைத்திருக்கும். அவன் கேட்டது வாடைக்காற்று அடிக்கிற நாள். வானம் மூடிக் கிடந்தது, ஒரு சொட்டு மழை இல்லை. என் கூடத்துத் தெற்குச் சுவர் மட்டும் இடுப்பு உயரத்துக்கு நனைந்து நின்றது. குழாய் உடைப்பு இல்லை, கூரை ஒழுக்கு இல்லை. சுவர் தானாக வியர்க்கிறது. அக்கா மகள் அந்த ஈரத்தின் வடிவத்தைப் பார்த்து மாங்காய் என்பாள். மாமா இலங்கை என்பார். நான் பதில் சொல்வதை விட்டுவிட்டேன்.

வீட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில், மன்னார் வளைகுடாப் பக்கத்துத் தென்கடலிலிருந்து கூப்பிடு தூரம். திண்ணை, கூடம், இரண்டு அறை, பின்னால் அடுப்படி, உவர்நீர்க் கிணறு. பவளக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்து எழுப்பிய சுவர், கூரைக்குப் பனங்கை என்கிற பனைமரச் சட்டம், மேலே நாட்டு ஓடு. இந்தக் கரையில் அந்தக் காலத்து வீடுகள் பலவும் இப்படித்தான். கூரைக்கு முதல் வருஷமே செலவழித்தோம். வைரம் பாய்ந்த பனை என்பதால் நாலே நாலு கைதான் மாற்ற வேண்டி வந்தது. ஓடுகளை வருஷா வருஷம் புரட்டாசியில் நானே ஏறி மாற்றுகிறேன். கூரை மேல் ஒரு புகாரும் இல்லை. அடுப்படி, கழிப்பறை, வயரிங் எல்லாம் எல்லார் வீட்டிலும் நடப்பது போல நடந்தது.

சரி, சுவருக்கு வருகிறேன்.

2022 தை மாதம் அந்தச் சுவரின் பழைய பூச்சு பொருபொருவென்று உதிர்ந்துகொண்டிருந்தது. பார்க்க வந்த கொத்தனார், "இதெல்லாம் கொத்திட்டு சிமெண்டு பூசுங்க, அம்பது வருஷத்துக்குக் கவலை இல்லை" என்றார். நானும் நம்பினேன். ஆளுக்குக் கூலி கொடுத்துக் கொத்தி, சிமெண்டு பூசி, பட்டி பார்த்து, எமல்ஷன் அடித்தேன். எட்டு மாசம். முதலில் பெயிண்ட் கொப்பளம் கொப்பளமாக எழும்பியது. விரலால் குத்தினால் உள்ளே வெள்ளையாக மாவு. நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. அடுத்த வருஷம் வாட்டர் புரூஃப் பூச்சு என்று ஒரு டப்பாவை வாங்கி இரண்டு கை அடித்தேன். ஆடி மாதம் பூச்சு அப்பளம் போலத் தகடு தகடாகக் கழன்று விழுந்தது. இடுப்பு உயரத்தில் நின்ற ஈரம் இப்போது கழுத்து உயரத்துக்கு ஏறியிருந்தது. அந்த ஒரே சுவருக்கு மட்டும் 46,000 ரூபாய் போயிருந்தது. டப்பாக் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை என்று அப்புறம்தான் புரிந்தது. பொருள் சொன்ன வேலையைச் செய்தது, தண்ணீரை வெளியே விடவில்லை. நான் கேட்டதுதான் தப்பு.

விஷயம் இதுதான். பழைய வீட்டுச் சுவருக்கு அடியில் ஈரம் ஏறாமல் தடுக்கும் அடுக்கு எதுவும் கிடையாது. தரைக்கடியில் உவர்நீர். திரி எண்ணெயை உறிஞ்சுவது போலக் கல்லும் சாந்தும் அதை மேலே இழுக்கும். தண்ணீர் சுவரின் மேல்பரப்பில் காய்ந்து போய்விடும், உப்பு போகாது. அது படிகமாக வளர்ந்து எதிரில் இருப்பதை நெட்டித் தள்ளும். மேலே இறுகலான சிமெண்டு இருந்தால் தண்ணீர் காய வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும், உப்பு பூச்சுக்குப் பின்னால் சேர்ந்து ஒருநாள் மொத்தமாகக் கழற்றிவிடும். போதாததற்குக் கல்லே கடலிலிருந்து வந்தது. அந்தக் காலத்தில் சாந்துக்குக் கடற்கரை மணலைக் கழுவாமல் போட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை.

மழையே இல்லாத நாளில் ஏன் நனைகிறது என்பதுதான் எனக்கு ரொம்ப நாள் விளங்கவில்லை. அதற்கு விடை அடுப்படியில் இருந்தது. வாடைக்காலத்தில் உப்பு ஜாடி நசநசத்துப் போகும் இல்லையா, அதேதான். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். 350 ரூபாய்க்கு ஒரு ஈரப்பதமானி வாங்கிச் சுவரில் தொங்கவிட்டேன். 72 என்று காட்டினால் சுவர் காய்ந்திருக்கும். 78 ஆனால் மாங்காய் வந்துவிடும். இந்த வீட்டுக்கு வாங்கியதிலேயே உருப்படியான பொருள் அதுதான். ஒன்றையும் சரிசெய்யவில்லை, ஆனால் கூரை ஒழுகுகிறதோ என்று ராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு ஏறுவது நின்றது.

2024-ல் சிமெண்டு முழுவதையும் நானே உளி வைத்துக் கொத்தி எடுத்தேன். பவளக்கல்லின் விளிம்புகள் சிமெண்டோடு சேர்ந்து பெயர்ந்து வந்தபோது அழுகை வந்தது. மன்னார் வளைகுடாத் தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986-லிருந்து தேசியப் பூங்கா. பவளத்தை 2001-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிலும் சேர்த்துவிட்டார்கள். அதனால் பெயர்ந்த கல்லுக்குப் பதில் கல் வாங்க முடியாது, வாங்கவும் கூடாது. இடிந்த மாட்டுக்கொட்டகைச் சுவரிலிருந்து எடுத்து ஒட்டுப்போட்டேன்.

அப்புறம் ஒரு வயசான கொத்தனாரைப் பிடித்தேன். வேலை செய்ய மாட்டார், மூட்டுவலி. திண்ணையில் உட்கார்ந்து சொல்லுவார், நான் செய்ய வேண்டும். சுண்ணாம்புக் காளவாசலிலிருந்து கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கிக் குழியில் தண்ணீர் விட்டு நீற்றினோம். அது கொதிக்கும். கண்ணாடி போடாமல் எட்டிப் பார்த்த எனக்கு இமையில் ஒரு சொட்டு பட்டது, கண் தப்பியது. மூன்று மாசம் தண்ணீருக்கடியில் ஊறவைத்து, ஒன்றுக்கு மூன்று மணல் சேர்த்து, கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் விட்டுக் குழைத்தோம். மணலை நல்ல தண்ணீரில் மூன்று தடவை அலச வேண்டும். எங்கள் தெருவில் காவிரித் தண்ணீர் குழாயில் வரும் நேரத்துக்கு இதற்காகவே காத்துக் கிடந்தேன், பக்கத்து வீட்டு மதினி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. இரண்டு கை பூச்சு. ஒரு வாரம் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு ஈரம் காத்தோம். கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கிற மாசத்தில் இதைச் செய்யவே கூடாது, காற்று ஒரே நாளில் காயவைத்து வெடிப்பு விட்டுவிடும்.

"இனிமே உப்பு வராதுல்ல?" என்று கேட்டேன்.

"வரத்தான் செய்யும். மாவா உதிரும், கூட்டித் தள்ளிட்டுப் போ" என்றார்.

அந்த நேர்மைக்காக அவருக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுத்தேன். ஆனால் எரிச்சல் எரிச்சல்தான். இரண்டு வருஷமாக வாரம் ஒருமுறை காய்ந்த பிரஷ்ஷால் சுவரைத் தேய்க்கிறேன். ஈரத்துணியால் துடைக்கக் கூடாது, உப்பு கரைந்து திரும்ப உள்ளே போய்விடும். முதல் ஆறு மாசம் உதிர்ந்ததைச் சுவரோரமாகவே கூட்டி வைத்தேன், அது கரைந்து அடிவாரத்திலேயே மறுபடி ஏறியது. இப்போது முறத்தில் அள்ளித் தெருவைத் தாண்டிக் கொண்டுபோய்க் கொட்டுகிறேன். பழைய செய்தித்தாளை நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கிச் சுவரில் அப்பி, காய்ந்ததும் உரித்தெடுத்தால் உப்பு தாளோடு வந்துவிடும். மூன்று தடவை செய்தேன், மாங்காய் பாதியாகச் சுருங்கியது. நாலாவது தடவைக்குப் பொறுமை இல்லை.

இந்தச் சுவரில் ஆணி அடிக்க முடியாது, பொத்தென்று உதிரும். சாய்ந்தால் சட்டை முதுகெல்லாம் வெள்ளை. மாட்டிய கல்யாணப் படத்தில் புள்ளி புள்ளியாகப் பூசணம். காலண்டரை எதிர்ச் சுவருக்கு மாற்றியாயிற்று. அப்பத்தா ஏன் எல்லாச் சாமானையும் மாடக்குழியில் வைத்தாள் என்று இப்போது தெரிகிறது.

கீல் கதை தனி. எஸ்எஸ், அதாவது துருப்பிடிக்காத எஃகு, என்று சொல்லிக் கொடுத்த ஜன்னல் கீல்கள் ஆறே மாசத்தில் டீக்கறை போலப் பழுப்பேறின. எஸ்எஸ்ஸிலேயே 304, 316 என்று இரண்டு உண்டு. 316-ல் மாலிப்டினம் என்ற உலோகம் சேர்த்திருப்பார்கள், உப்புக்காற்றைத் தாங்குவது அதுதான். எனக்குக் கிடைத்தது எது என்று கடைக்காரருக்கும் தெரியாது. 2025 ஏப்ரலில் திறந்த பாம்பன் புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத கம்பி போட்டிருக்கிறார்களாம். ரயில்வேக்குக் கட்டுப்படியாகும். நான் வள்ளம் கட்டும் ஆசாரி சொன்னபடி பித்தளைக் கீலுக்கும் பித்தளைத் திருகாணிக்கும் மாறிவிட்டேன். இன்றுவரை பச்சை பூத்ததே தவிர இறுகவில்லை.

நியாயமாகப் பேச வேண்டும் என்றால், சித்திரை வெயிலில் இந்தக் கூடம் போல ஒரு இடம் கிடையாது. பக்கத்துத் தளம் போட்ட வீட்டில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் மேலிருந்து அனல் இறங்கும், எங்களுக்கு எட்டு மணிக்கெல்லாம் குளிர்ந்துவிடும். அந்த வீட்டில் கம்பி துருப்பிடித்து, உப்பி, தளத்தின் அடிப்பக்கம் பாளம் பாளமாக விழுகிறது, இருபது வருஷ வீடு. எங்கள் சுவர் மாவாக உதிர்ந்தாலும் யார் தலையிலும் விழாது. மாமியார் மதுரையிலிருந்து வந்தால் இந்தத் தெற்குச் சுவரோரம்தான் பாய் போடச் சொல்கிறார். மத்தியானம் இரண்டு மணிக்குச் சுவரில் உள்ளங்கையை வைத்தால் பானைத் தண்ணீர் போலச் சில்லென்று இருக்கும். வெளியே போய்ச் சுண்ணாம்பு அடித்த திண்ணைத் தூணைச் சாயங்கால வெளிச்சத்தில் பார்த்தால், எந்த எமல்ஷனுக்கும் அந்த வெள்ளை வராது. இதையெல்லாம் நான் மறைக்கவில்லை.

ஆனாலும் மச்சானுக்கு நேற்று ராத்திரி பதில் போட்டேன்: வாங்காதே. மூணரை லட்சம் என்று நான் சொன்ன கணக்கில் என் கூலி இல்லை, ஞாயிற்றுக்கிழமைகள் இல்லை, 46,000 இல்லை. திருப்பூரிலிருந்து மாசம் ஒரு தடவை வந்து இந்த உப்போடு மல்லுக்கட்ட முடியாது.

ஈரப்பதமானி அப்போது 81 காட்டியது.

இன்று காலை மணி பத்துக்கு வெயில் வந்தது, 69. மாங்காய் காய்ந்துவிட்டது. மறுபடி போனை எடுத்து, பின்கட்டுக் குழியில் இரண்டு வருஷமாக ஊறுகிற சுண்ணாம்பு இன்னும் நாலு சட்டி இருக்கிறது, வெண்ணெய் மாதிரி ஆகிவிட்டது, ஒருவேளை வாங்கினால் சொல், கொண்டு வருகிறேன் என்று அனுப்பினேன்.