கோலாலம்பூரில் ஆட்டிசப் பிள்ளைகளுக்குக் காந்தத் தூண்டல் சிகிச்சை: மையம் நன்று, வாக்குறுதி நன்றன்று

ஆட்டிசம் உள்ள என் பதினான்கு வயது மகனை, அறுவையோ மயக்க மருந்தோ இல்லாமல் தலைக்கு வெளியிலிருந்தே மூளையைத் தூண்டும் காந்தத் தூண்டல் சிகிச்சை பற்றி விசாரிப்பதற்காக, கோலாலம்பூரிலுள்ள ஒரு தனியார் மையத்துக்கு அழைத்துச் சென்றோம்.

இடத்தைக் குறை சொல்ல முடியாது. காத்திருக்கும் அறையில் தொலைக்காட்சி அலறவில்லை. விளக்கொளியும் மிதமாகவே இருந்தது. கருவியை இயக்கும் பெண்மணி, எட்டு வடிவக் கம்பிச்சுருளை முதலில் தம் கையருகே வைத்து இயக்கிக் காட்டி, "தம்பி, டக்டக்குனு சத்தம் வரும், பிடிக்கலைன்னா கையைத் தூக்குங்க, உடனே நிறுத்திடுறேன்" என்று சொல்லிக் காதடைப்பானை அவனிடமே கொடுத்தார். குக்கர் விசிலுக்கே காதைப் பொத்திக்கொள்பவன், தானாகவே அதை எடுத்து மாட்டிக்கொண்டான்.

என் மனத்தாங்கல் முகப்பிடத்தில் தொடங்கியது. சில மாதங்களில் பேச்சு வந்துவிடும் என்று உறுதி கூறி, முழுச் சிகிச்சைத் தொகுப்புக்கும் முன்கூட்டியே பணம் கட்டச் சொன்னார்கள். 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர் குழுவினர் உருவாக்கிய இம்முறைக்கு, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பெரியவர்களின் மனச்சோர்வுக்காக 2008இலும், வேண்டாத எண்ணங்களும் செயல்களும் திரும்பத் திரும்ப வரும் எண்ண சுழற்சி நோய்க்காக 2018இலும், பதினைந்து வயது முதலான இளையோரின் மனச்சோர்வுக்குத் துணைச் சிகிச்சையாக 2024இலும் அனுமதி வழங்கியது. ஆட்டிசத்துக்கு அத்தகைய அனுமதி இல்லை. ஆய்வுகள் நடக்கின்றன, சிலவற்றில் நம்பிக்கை தரும் அறிகுறிகளும் உண்டு. ஆனால் பெரும்பாலானவை சிறியவை, தூண்டும் இடமும் அளவும் ஆய்வுக்கு ஆய்வு மாறுகின்றன. பிள்ளை தேறிவிட வேண்டும் என்ற ஏக்கமே பிள்ளையின் முன்னேற்றத்துக்குப் பெற்றோர் தரும் மதிப்பெண்ணை உயர்த்திவிடும் என்பதால்தான், நல்ல ஆய்வுகளில் ஒரு பிரிவினருக்குப் போலித் தூண்டல் கொடுத்து ஒப்பிடுகிறார்கள். இதையெல்லாம் முகப்பிடத்தில் ஒருவரும் சொல்லவில்லை.

அதைவிடப் பெரிய குறை, அவர்கள் நிரப்பச் சொன்ன படிவம். உடம்பில் உலோகமோ செவிக்கருவியோ உண்டா என்று கேட்டிருந்தார்கள். வலிப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆட்டிசம் உள்ளவர்களிடம் வலிப்பு நோய் மற்றவர்களைவிட அதிகம். அரிதாக இச்சிகிச்சையே வலிப்பைத் தூண்டக்கூடும். மகனுக்குச் சிறுவயதில் வலிப்பு வந்ததை நானே மருத்துவரிடம் சொல்ல வேண்டியதாயிற்று. அவரைப் பாராட்டத்தான் வேண்டும்: உடனே எல்லாவற்றையும் நிறுத்தி, மூளை அலைப் பரிசோதனையும் குழந்தை நரம்பியல் நிபுணரின் கடிதமும் இல்லாமல் தொடங்கமாட்டேன் என்றார், பேச்சு வரும் என்று தம்மால் உறுதி கூற இயலாது என்றும் வெளிப்படையாகச் சொன்னார்.

அந்த மருத்துவரிடம் மீண்டும் போவேன். தொகுப்புக்கு ஒரு வெள்ளிகூடக் கட்டமாட்டேன். பரிசோதனைக்கு அரசாங்க மருத்துவமனையில் தேதி வாங்கியிருக்கிறோம். பேச்சுப் பயிற்சி வழக்கம்போல் நடக்கிறது.